பழைய நாசகாரிக் கப்பலைத் துருப்புக் கப்பலாக மாற்றியது தரக்குறைப்பா?

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்து நாசகாரிக் கப்பல்களை (வேகமான சிறு போர்க்கப்பல்கள்) இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா படைவீரர்களை ஏற்றும் துருப்புக் கப்பல்களாக மாற்றியதே, அது அவற்றுக்குத் தரக்குறைப்பு இல்லையா?

இல்லை என்பதே என் பதில். ‘வார்ட்’ என்ற ஒரு கப்பலைப் பார்த்தாலே போதும்.

கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் தளத்தில் 1918 மே 15 அன்று ஏரா (கப்பலின் அடித்தண்டு) வைத்து, ஜூன் 1 அன்று தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். அவ்வளவு அவசரம்! போர் முடிந்ததும் 1921இல் ஓரங்கட்டினார்கள். 1941 தொடக்கத்தில் மீண்டும் பணிக்கு வந்து, டிசம்பர் 7 அதிகாலையில் பேர்ல் துறைமுக வாயிலில் ஜப்பானியக் குறு நீர்மூழ்கி ஒன்றைச் சுட்டு மூழ்கடித்தது. அந்தத் துறைமுகத்தின் மீது ஜப்பான் நடத்திய விமானத் தாக்குதலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்பே நடந்தது இது. கப்பல் தலைவர் அவுட்டர்பிரிட்ஜ் உடனே தகவல் அனுப்பினார். மேலிடம் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. வார்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள்.

வணிகக் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை பார்த்தவன் நான். எனக்கு அடுத்த கட்டம்தான் சுவையானது. இந்த வகைக் கப்பல்களில் பாய்லர்கள் நான்கு. முன்பக்கத்து இரண்டைப் பிடுங்கி, அவற்றின் புகைபோக்கிகளையும் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் படுக்கை அமைத்தார்கள். டார்பிடோ (நீருக்கடியில் பாயும் வெடிகுண்டு) ஏவும் குழாய்கள் இருந்த பக்கவாட்டில் நான்கு தரையிறங்கு படகுகள் தொங்கின. வேகம் மணிக்கு 35 கடல்மைலிலிருந்து 25 அளவுக்குக் குறைந்தது. சாதாரணத் துருப்புக் கப்பலோடு ஒப்பிட்டால் அதுவும் அதிகம்தான். இருட்டில் கரையை நெருங்கி, ஆட்களை இறக்கிவிட்டு, விடிவதற்குள் விலகிவிடலாம். பெரிய கப்பல்களால் முடியாத வேலை இது. பாய்லர் அறையாக இருந்த இடத்தில் வெப்பமண்டலக் கடலில் தூங்கிய வீரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

வார்டின் மாற்றம் 1943 பிப்ரவரியில் முடிந்தது. மேற்குப் பசிபிக்கில் கேப் கிளவுசெஸ்டர், சைடோர், பியாக், மொரோட்டாய் என்று தரையிறக்கம் தரையிறக்கமாக உழைத்தது. 1944 டிசம்பர் 7 காலை பிலிப்பைன்ஸின் ஓர்மோக் விரிகுடாவில் வீரர்களை இறக்கிவிட்டுக் காவல் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஜப்பானிய விமானம் ஒன்று நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வந்து மோதியது. மோதிய இடம் பாய்லர் அறையும் அதையொட்டிய வீரர் அறையும். சற்று முன்புதான் அந்த அறை காலியாகியிருந்தது. ஒருவர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் தீ அடங்கவில்லை. கப்பலைக் கைவிட்டார்கள். ‘ஓ’பிரையன்’ என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பல் சுட்டு அதை மூழ்கடித்தது. அதன் தலைவர், சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன் வார்டில் இருந்த அதே அவுட்டர்பிரிட்ஜ்!

2017இல் ‘பெட்ரல்’ ஆய்வுக் கப்பல் வார்டின் சிதைவைச் சுமார் 200 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. நீர்மூழ்கியை வீழ்த்திய 3ஆம் எண் பீரங்கி மட்டும் அதனோடு மூழ்கவில்லை. துருப்புக் கப்பலாக மாற்றியபோது கழற்றப்பட்ட அது, 1958 முதல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் சட்டமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1941இல் அதை இயக்கிய ரிசர்வ் படையினர் அந்த ஊர்க்காரர்கள்.