அவசரமான காலத்தில் ‘நிதானிப்போம்’ என்று எழுத்தாளர் பாயோ அகோமோலாஃபே சொல்வது, போராட்டத்திலிருந்து நழுவுவது ஆகாதா?

ஆகாது என்பதே என் பதில். ஆனால் அந்த வரியைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு.

பாயோ நைஜீரியாவின் யோருபா இனத்தவர். மருத்துவ உளவியல் படித்தவர், ஆய்வுக்காக யோருபா பாரம்பரிய வைத்தியர்களைத் தேடிப் போனவர், பிறகு சென்னையில் குடும்பத்தோடு வசித்தவர். நெருக்கடியைத் தீர்க்க நாம் செய்யும் காரியமே அந்த நெருக்கடியின் ஒரு பகுதியாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்பது.

இதை அவருடைய நாட்டு விஷயத்தை வைத்தே பார்க்கலாம். ஆயுதக் கொள்ளை பெருகிவிட்டது என்று நைஜீரியப் போலீஸ் 1992இல் சார்ஸ் என்ற சிறப்புப் படையை அமைத்தது. பிற்பாடு சித்திரவதைக்கும் பணப் பறிப்புக்கும் பேர்போனது அதே படைதான். 2020 அக்டோபரில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். 11ஆம் தேதி படையைக் கலைப்பதாகப் போலீஸ் தலைமை அறிவித்தது. இரண்டே நாளில் ஸ்வாட் என்று புதுப் படையையும் அறிவித்தது. கொள்ளைக்கு ஒரு படை, அந்தப் படை செய்த அக்கிரமத்துக்கு இன்னொரு படை! அரசுக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை.

பாயோ யோருபா மரபுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். அங்கே இஃபா என்று ஒரு குறி பார்க்கும் முறை இருக்கிறது. பாபாலாவோ எனப்படும் குறிகாரர் பதினாறு பனங்கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் ஒரே பிடியில் அள்ளுவார். ஒன்று மிஞ்சினால் மரத்தட்டில் தூவிய பொடியில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. எட்டு முறை இப்படிப் போட்டால் 256 வடிவங்களில் ஒன்று கிடைக்கும். அதற்குரிய பாடல்களைச் சொல்லிக்கொண்டே போவார். வந்தவர் தன் பிரச்சினையை வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூட மாட்டார். தனக்குப் பொருந்தும் பாடல் எது என்று கேட்டுக் கேட்டு அவரே கண்டுபிடிக்க வேண்டும். என்ன கேட்க வந்தோம் என்பதே அதற்குள் மாறிப்போகலாம்.

அந்தத் தட்டின் விளிம்பில் செதுக்கியிருக்கும் முகம் எஷுவுடையது. முச்சந்திக்கு உரிய தெய்வம், குறும்புக்காரர். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வேறு நிறமுமான தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டு நண்பர்களின் வயலுக்கு நடுவே நடந்து போய், “தொப்பி என்ன நிறம்” என்று அவர்களை அடித்துக்கொள்ள வைத்தவர். பாயோவின் பேச்சில் எஷு வராமல் இருப்பது அபூர்வம். நிதானிப்பது என்று அவர் சொல்வதும் வேலையைக் குறைப்பதை அல்ல; பழகிய பாதையிலேயே இன்னும் வேகமாக ஓடாமல், முச்சந்தியில் நின்று மற்ற வழிகளையும் பார்ப்பதை.

சரி, எனக்கு உடன்பாடில்லாத இடம்? அதே போராட்டத்தில், 2020 அக்டோபர் 20 இரவு லாகோஸ் நகரின் லெக்கி சுங்கச்சாவடியில் கொடியோடு உட்கார்ந்து தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தவர்கள்மீது ராணுவம் சுட்டது. அந்த இரவில், அந்தப் பிள்ளைகளிடம் “நிதானியுங்கள்” என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது. சுடப்படுகிறவருக்கும், அறிக்கை எழுதும் அமைப்புக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. இந்த வேறுபாட்டைப் பாயோ இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அவர் எழுத்து கொஞ்சம் அடர்த்தியானது. கட்டுரைகளில் தொடங்காதீர்கள். மகளுக்கு எழுதும் கடிதங்களாக 2017இல் ஒரு புத்தகம் போட்டிருக்கிறார், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.