ஓட்டானி ஆட்டம் ஏற்காட்டில் எத்தனை மணிக்கு?

அமெரிக்க பேஸ்பாலில் ஜப்பான் வீரர் ஓட்டானி ஆடும் அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். அவர்கள் ஆட்டத்துக்கு நீங்கள் பார்த்த 'சனிக்கிழமை இரவு 7:10' என்பது லாஸ் ஏஞ்சலஸ் நேரம். ஏற்காட்டில் அது ஞாயிறு காலை 7:40. சனி ராத்திரி முழுக்க போனும் கையுமாக உட்கார்ந்தும் டாட்ஜர்ஸ் ஆட்டம் வராததற்கு அநேகமாக இதுதான் காரணம். சிக்னலைத் திட்ட வேண்டாம்.

நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். பி.டி. (PT) என்றால் பசிபிக் நேரம், 12½ மணி கூட்டுங்கள். ஈ.டி. (ET) என்றால் நியூயார்க் பக்கத்து நேரம், 9½ மணி. நியூயார்க் அணியான யாங்கீஸ் மைதானத்தில் இரவு 7:05 ஆட்டம் நமக்கு மறுநாள் விடிகாலை 4:35. அந்த வகையில் டாட்ஜர்ஸ் ரசிகருக்கு யோகம்தான், காலை காபியோடு பார்க்கலாம்.

எழுத்தே இல்லையென்றால், ஆப் ஏற்கெனவே நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறதா என்று அதன் செட்டிங்ஸில் பாருங்கள். மாற்றியிருந்தால் மறுபடி கூட்டிவிடாதீர்கள்.

ஒரு விஷயம்: இந்தக் கணக்கு அமெரிக்கக் கோடை நேரத்துக்கு, அதாவது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை. சீசன் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

அப்புறம், ஓட்டானி பேட்டிங் அநேகமாக எல்லா ஆட்டத்திலும் உண்டு. பந்து வீசுவதைப் பார்க்கத்தான் எழுகிறீர்கள் என்றால், அன்றைய தொடக்கப் பந்துவீச்சாளர் பெயரைப் பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள்.