எங்கெங்கோ இருந்தாராம்

அன்புள்ள ஐயா,

எனக்கு முப்பது வயது, பர்மாவில் பெகு நகரத்தில் இருக்கிறேன். எங்கள் கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ‘ராம்நாடு ஜில்லா’ என்று மட்டும் சொல்கிறார்கள். வாலிப வயதில் கப்பலேறி வந்தவர், பர்மாவில் எங்கெங்கோ இருந்துவிட்டுக் கடைசியில் பெகுவுக்கு வந்திருக்கிறார். மொரீஷியஸில் இருக்கும் என் நண்பர் பழைய குடியேற்றப் பதிவேட்டைப் பார்த்தே தன் முன்னோரின் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். நமக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா? மரபணுச் சோதனை செய்தால் ஊர் தெரியுமா? குலதெய்வம் முனீஸ்வரர் என்கிறார்கள். அதை வைத்துத் தேடலாமா?

கு., பெகு

அன்புள்ள கு.,

மரபணுச் சோதனையை விடுங்கள். எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் நீங்கள் தென்னிந்தியர் என்று பதில் வரும். கண்ணாடி பார்த்தாலே தெரிகிற விஷயம், அதற்கு எதற்குக் காசு?

மொரீஷியஸ் கதை வேறு. அங்கே 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு எண் போட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுதினார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கரிசனத்தால் எழுதியதில்லை, கூலி ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே. பர்மாவோ 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் டிக்கெட் வாங்கி டெக்கில் பாய் விரித்துப் படுத்தால் சில நாளில் ரங்கூன். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போகிறவனுக்கு யார் எண் போடுவார்கள்? மொரீஷியஸ் மாதிரிப் பதிவேடு நமக்கு இல்லை, அதைத் தேடி நாளைக் கழிக்காதீர்கள்.

ராம்நாடு ஜில்லா என்பதும் இன்றைய ராமநாதபுரம் மாவட்டம் மட்டும் அல்ல. 1985இல் பழைய மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சிவகங்கையும் விருதுநகரும் அதிலிருந்து வந்தவைதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமாகவும் இருக்கலாம், அருப்புக்கோட்டைப் பக்கமாகவும் இருக்கலாம்.

முனீஸ்வரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் கொள்ளுத்தாத்தா கும்பிட்டு வந்த சாமியா, இங்கே வந்தபின் கும்பிட ஆரம்பித்த சாமியா? ரங்கூனுக்குப் பக்கத்தில் சௌத்தான் பக்கம் இருக்கும் பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொள்ளாத தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு தலைமுறை அங்கே போய் மொட்டையடித்துக் காது குத்தினால் மூன்றாவது தலைமுறை அவரையே குலதெய்வம் என்று சொல்லிவிடும். அதில் தப்பில்லை, ஆனால் ஊர் கண்டுபிடிக்க உதவாது. ஐயனாரோ அம்மனோ, முன்னால் ஏதாவது விசித்திரமான பட்டப்பெயரோடு ஒரு சாமியின் பெயர் வீட்டில் யார் நினைவிலாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது திட்டுகிறேன். ‘பர்மாவில் எங்கெங்கோ இருந்துவிட்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அது என்ன எங்கெங்கோ? மனிதர் வாலிபத்தில் விட்டு வந்த ஊருக்காக இவ்வளவு தவிக்கிறீர்கள், அவர் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அதில் ஒன்றிரண்டைப் புதைத்தும் இருக்கக்கூடிய ஊர்கள் உங்களுக்கு ஊராகவே தெரியவில்லையா? உங்களை மட்டும் சொல்லவில்லை. எனக்கு வருகிற இந்த மாதிரிக் கடிதங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். தமிழ்நாட்டு ஊர் என்றால் புண்ணிய பூமி, இங்கே வாழ்ந்த ஊர் என்றால் வழியில் வந்த சத்திரம்.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கயான், தோங்வா, சௌத்தான் என்று வாழ்ந்த ஊர்களை வரிசை தப்பாமல் சொல்லும். எந்த ஊரில் எந்தப் பிள்ளை பிறந்தது, எங்கே எருமை செத்தது, எந்த ஊர்ப் பர்மியக் கிழவி பிரசவம் பார்த்தாள் என்பதெல்லாம் அதற்குக் கணக்கு. தாத்தா குத்தகைக்கு உழுதவர். 1930க்குப் பிறகு நெல் விலை விழுந்தது, கடன்பட்டவர்களின் நிலம் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போனது. 1938க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்வாசி நிலம் அவர்களிடம். குத்தகைக்காரன் எந்தக் காட்டில் நிலைத்து நிற்பான்? இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். 1942இல் ஜப்பான் படைக்குப் பயந்து அக்கம்பக்கத்தார் எல்லையிலுள்ள தாமு வழியாக இம்பாலை நோக்கி நடந்தபோது அப்பத்தா நிறைமாதம், அதனால் இவர்கள் தங்கிவிட்டார்கள். 1964இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு தாத்தாவின் தம்பி குடும்பம் கப்பலேறியது. அப்போதும் இவர்கள் தங்கினார்கள். நான் ரங்கூனில் உட்கார்ந்து தமிழில் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அந்த ‘எங்கெங்கோ’தான்.

இதில் உங்கள் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது. நம் ஆட்களை இங்கே கூட்டி வந்தவர்கள் பெரும்பாலும் மேஸ்திரிகள், அதாவது வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள். மேஸ்திரி ஆள் பிடிப்பது தன் சொந்த ஊரில், சுற்றியுள்ள கிராமங்களில். அப்படி வந்தவர்கள் இங்கேயும் பக்கத்துப் பக்கத்தில்தான் குடிசை போட்டார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ஆகவே கொள்ளுத்தாத்தா பெகுவுக்கு வருமுன் எந்தக் கிராமத்தில் இருந்தார், அங்கே அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடித்தால், அந்த வீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்காவது ஊர்ப்பெயர் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. எங்கள் ஊர் அப்படித்தான் கிடைத்தது. தோங்வாவில் அடுத்த வீட்டில் இருந்தவர்கள் 1964இல் வியாசர்பாடிக்குப் போய்விட்டார்கள், அந்த வீட்டுப் பேத்தி சொன்னார். உங்கள் உறவிலும் அந்த வருஷங்களில் போனவர்கள் இருந்தால் அவர்கள் எழுதிய பழைய கடிதங்களைத் தேடுங்கள். கடிதத்தைவிட உறையின் பின்பக்கம் முக்கியம், அனுப்பியவர் முகவரி அங்கேதான் இருக்கும்.

அப்புறம், அவருக்குப் பர்மியப் பெயர் ஒன்றும் இருந்ததா என்று கேளுங்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அரசாங்கக் காகிதத்தில் அவர் ‘ஊ’ என்ற மரியாதைச் சொல்லோடு தொடங்கும் ஏதோ ஒரு பர்மியப் பெயரில் இருந்தால், தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு நீங்கள் காலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மில் பலர் பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4க்கு முன்பே முன்னோர் இந்த மண்ணில் இருந்தார்கள் என்று காட்ட வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டிலும் அப்போது யாராவது காகிதம் சேர்த்திருப்பார்கள். அந்தக் கட்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய மூன்று மடிப்பு அடையாள அட்டை, நில வரி ரசீது, எது கிடைத்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

வீட்டில் வயதான அத்தையோ பெரியம்மாவோ இருந்தால் போய் உட்கார்ந்து பேசுங்கள். ‘நம்ம சொந்த ஊர் எது’ என்று ஆரம்பிக்காதீர்கள், தெரியாது என்று முடித்துவிடுவார்கள். எந்த ஊரில் பிறந்தீர்கள், வீட்டுக்கு முன்னால் என்ன இருந்தது, சம்பான் படகில் போவீர்களா, சந்தை எந்தக் கிழமை என்று கேளுங்கள். அவர்களாகவே வருவார்கள்.

இன்னொன்று. இத்தனை எழுதிய கடிதத்தில் கொள்ளுப்பாட்டியைக் காணோமே? அவருடைய பெயரையும் பிறந்த ஊரையும் விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.