சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் எவ்வளவு கலோரி செலவிடுகிறது?

கேள்வி: ஒரு மணி நேரம் அசையாமல் நாற்காலியில் அமர்ந்திருந்தால் எத்தனை கலோரி செலவாகும்?

பதில்: உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி என்று கொள்ளலாம். உணவைப் பற்றிய பேச்சில் கலோரி என்பது கிலோ கலோரியையே குறிக்கிறது. ஓய்வில் இருக்கும் உடல், கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்ற பொது அளவும், 1 லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி ஆற்றல் வெளிப்படுகிறது என்பதும் சேர்ந்தே இந்தக் கணக்கைத் தருகின்றன. ஆயினும் உடல் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் உண்மையான செலவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 35, உயரம் 160 செ.மீ., எடை 60 கிலோ. பெண்ணாகிய எனக்கு இன்னும் துல்லியமாகக் கணக்கிட வழி உண்டா?

பதில்: உண்டு. 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. எடையை 10ஆலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் 5 மடங்கைக் கழித்து, பெண்களுக்கு மேலும் 161ஐக் கழிக்க வேண்டும். ஆண்களுக்கு அதற்குப் பதிலாக 5ஐக் கூட்ட வேண்டும். உங்களுக்கு நாளொன்றுக்கு 1,264 கலோரி, அதாவது மணிக்கு 53 கலோரி அளவில் வருகிறது. இதுவும் மதிப்பீடுதான். சுவாசிக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் கருவியால் அளந்தால்தான் உங்களுக்கே உரிய அளவு தெரியும்.

கேள்வி: கையைக் காலை அசைக்காதபோது இவ்வளவு ஆற்றல் எங்கே போகிறது?

பதில்: எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். உடல் ஓய்வில் இருந்தாலும் உறுப்புகள் ஓய்வதில்லை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வுச் செலவில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கல்லீரலும் ஏறக்குறைய அதே அளவு எடுத்துக்கொள்கிறது. இதயமும் சிறுநீரகங்களும் கிலோவுக்கு நாளொன்றுக்கு 440 கலோரி வரை செலவிடுகையில், ஓய்விலுள்ள தசை கிலோவுக்குச் சுமார் 13 கலோரியும், கொழுப்புத் திசு 4.5 கலோரியும் மட்டுமே செலவிடுகின்றன. உயிரணுக்களின் அளவில் பார்த்தால், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் வேலையும், பழைய புரதங்களைச் சிதைத்துப் புதியவற்றைக் கட்டும் வேலையும் ஒரு நொடிகூட நிற்காமல் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு கிலோ தசையைக் கூட்டினால் ஓய்வுச் செலவு பெருமளவு ஏறிவிடும் என்ற பரவலான நம்பிக்கை ஏன் மிகையானது என்பது அந்த 13 என்ற எண்ணிலிருந்தே விளங்கும். தசைப் பயிற்சிக்கு வேறு வலுவான காரணங்கள் உண்டு. அதைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: கடினமான கணக்கைப் போட்டால் கூடுதலாகச் செலவாகுமா?

பதில்: மிகச் சிறிதளவே. மூளை சும்மா இருக்கும்போதும் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் இயங்குகிறது.

கேள்வி: உட்கார்ந்து செய்யும் வேலையை நின்று செய்தால் எடை குறையுமா?

பதில்: நிற்பதற்கும் உட்காருவதற்கும் உள்ள வேறுபாடு நிமிடத்துக்குச் சராசரியாக 0.15 கலோரி என்று 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணித்தது. 6 மணி நேரம் நின்றாலும் 54 கலோரிதான் கூடும். எடைக் குறைப்பே நோக்கம் என்றால், அவ்வப்போது எழுந்து நடப்பது இதைவிடப் பயன் தரும். நிதானமான நடையிலேயே ஆற்றல் செலவு ஓய்வு நிலையைப் போல் இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது.

கேள்வி: முப்பது வயதைத் தாண்டியதும் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, உடலின் அளவையும் கட்டமைப்பையும் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமல் இருப்பதையும், அதன்பின் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைவதையும் காட்டியது. ஆகவே நடுவயதில் கூடும் எடைக்கான காரணத்தை உணவிலும் நடமாட்டத்திலும் தேடுவதே பொருத்தம்.

கேள்வி: ஓய்வுச் செலவு 1,264 கலோரி என்றால், அதற்கும் குறைவாகச் சாப்பிட்டு எடையை விரைவாகக் குறைக்கலாமா?

பதில்: மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் அவ்வாறு செய்ய வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த எண், நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் தேவைப்படும் அளவு. நடமாட்டமும் செரிமானமும் அதற்கு மேல் சேர்பவை. உணவை மிகக் கடுமையாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடை குறைந்ததற்கு ஏற்ற அளவைக் காட்டிலும் கூடுதலாகவே உடல் தன் ஓய்வுச் செலவைச் சுருக்கிக்கொள்ளவும் கூடும். மொத்தச் செலவிலிருந்து மிதமாகக் குறைத்து, போதிய புரதத்துடன் உண்பதே பாதுகாப்பான வழி.