அரிய நோய் வந்தவர்கள் இணையத்தில் கூடிப் பேசுவதால் ஆராய்ச்சிக்கு ஏதாவது பயன் உண்டா?

கேள்வியின் விவரத்தில், "ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதைத் தாண்டி இவர்களால் மருத்துவத்துக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2017க்கு முன்னால் என்றால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

அந்த வருடம் என் அக்காவுக்கு மாரடைப்பு வந்தது. வயது 36. இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. முதலில் போன இடத்தில் "பிள்ளை பெற்ற உடம்பு, கேஸாக இருக்கும்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலை வலி இடது கைக்கு இறங்கி, வியர்த்துக் கொட்டியதும் வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த இதய மருத்துவர், கொழுப்பு அடைப்பு எதுவும் இல்லை, ரத்தக்குழாயின் சுவர் தானாகவே உள்ளே கிழிந்திருக்கிறது என்றார். "என் சர்வீஸில் இது மூன்றாவது கேஸ்மா." அதை அவர் மறைக்காமல் சொன்னதற்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை உண்டு.

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் எஸ்.சி.ஏ.டி. என்று சுருக்கம். நோயாளிகள் வாயில் அது 'ஸ்கேட்'. பழைய சுவரில் பூச்சு விட்டுப்போய் உப்பிக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரிதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் சுவர் அடுக்குகள் விலகி, இடையில் ரத்தம் புகுந்து, குழாயின் வழியையே நெருக்கிவிடும். வருவதில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். கர்ப்ப காலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புகளுக்கு இதுவே பெரிய காரணம். இதெல்லாம் இன்றைக்குத் தெரிந்தது. நெடுங்காலம் இது அபூர்வத்திலும் அபூர்வம், செத்த பிறகு உடலை அறுத்துப் பார்க்கையில் தெரிவது என்ற அளவிலேயே இருந்தது. முதலில் பதிவானது 1931ல், இறந்துபோன 42 வயதுப் பெண்ணின் பிரேதப் பரிசோதனையில்.

வீட்டில் அவரவருக்கு ஒரு காரணம். அம்மாவுக்குக் கண்ணேறு. அத்தைக்கு, பத்தியத்தை முறித்து அக்கா சாப்பிட்ட பிரியாணி. ஐசியூ வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கேத்ரின் லியோன் என்ற அமெரிக்கப் பெண்ணின் கதை எனக்குக் கிடைத்தது. உங்கள் கேள்விக்கு அந்தக் கதையே பதில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லியோனுக்கு 2003ல், 38 வயதில், இரண்டாவது மகன் பிறந்த கொஞ்ச நாளில் ஸ்கேட் வந்தது. பைபாஸ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. எதனால் வந்தது, திரும்ப வருமா என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. 'விமன்ஹார்ட்' என்ற இதய நோயுள்ள பெண்களுக்கான அமைப்பின் இணையக் குழுவில் எழுதிப் பார்த்திருக்கிறார். 'எனக்கும் இதுதான்' என்று ஒருவர், இன்னொருவர், வேறொரு நாட்டிலிருந்து மற்றொருவர் என்று சேர ஆரம்பித்தார்கள். தன் வாழ்நாளில் இரண்டு பேரைப் பார்த்தாலே பெரிது என்று ஒவ்வொரு மருத்துவரும் நினைத்துக்கொண்டிருந்த நோய். அந்த இரண்டிரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து குவிந்துவிட்டார்கள்.

2009ல் மின்னசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் விமன்ஹார்ட் நடத்திய பயிற்சிக்கு லியோன் போனார். அங்கே இதய மருத்துவர் ஷாரன் ஹேய்ஸைப் பிடித்து, நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம், எங்களை வைத்து ஆராய்ச்சி செய்யுங்கள் என்று கேட்டார். பொதுவாக ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளைத் தேடி அலைவார்கள். இங்கே தலைகீழ். இப்படிச் செய்வது சாத்தியமா என்று பார்க்க ஹேய்ஸ் குழு ஒரு சிறிய முன்னோட்ட ஆய்வுக்கு அனுமதி வாங்கியது. வேண்டியது 12 பேர். குழுவில் அறிவித்து ஒரு வாரத்துக்குள் 12 பேரும் கிடைத்துவிட்டார்கள். அவரவர் ஊர் மருத்துவமனையிலிருந்து ஆஞ்சியோ படங்களையும் கேஸ் ஷீட்டுகளையும் வாங்கி அனுப்பினார்கள், கேள்வித்தாள் நிரப்பினார்கள். ராச்செஸ்டருக்கு யாரும் பயணம் போகவில்லை. 2011ல் மேயோவின் மருத்துவ இதழில் அது கட்டுரையாக வந்தது.

12 என்ன பெரிய எண்ணா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த வருடம் அதே மருத்துவர் குழு, தங்கள் மருத்துவமனையின் பல பத்தாண்டுப் பதிவேடுகளைக் கிளறி இன்னொரு ஆய்வு வெளியிட்டது. உலகின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று அது. அங்கேயே மொத்தம் அகப்பட்டவர்கள் 87 பேர். இதைப் படித்த பிறகே ஒரு வாரத்தில் 12 என்பதன் கனம் எனக்கு உறைத்தது. மேயோவின் ஸ்கேட் பதிவேட்டில் பின்னாளில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தார்கள்.

அந்த 87 பேர் ஆய்வில் எங்கள் வீட்டுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஸ்டென்ட் வைக்க முயன்ற 43 பேரில் 15 பேருக்கு அது சரியாக அமையவில்லை. கிழிந்த சுவருக்குள் கம்பியை விட்டால் கிழிசல் இன்னும் நீளலாம். விட்டுவைத்தால் பெரும்பாலானவர்களுக்குத் தானாக ஆறிவிடுகிறது. அக்காவுக்கு ஸ்டென்ட் வேண்டாம், ரத்த ஓட்டம் இருக்கிறது, மருந்து கொடுத்துப் பொறுத்துப் பார்ப்போம் என்று எங்கள் மருத்துவர் சொன்னபோது, காசு இல்லை என்று நினைத்துத் தட்டிக்கழிக்கிறாரோ என்றுகூடச் சித்தப்பா சந்தேகப்பட்டார். நான்கு மாதம் கழித்து எடுத்த ஆஞ்சியோவில் குழாய் ஆறியிருந்தது. 2018ல் அமெரிக்க இதயச் சங்கம் ஸ்கேட் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் அதே ஹேய்ஸ். நினைத்ததைவிட இது அதிகம் பேருக்கு வருகிறது, கண்டுபிடிக்காமல் விட்டவைதான் நிறைய என்று அதில் இருக்கிறது. அதாவது 'அரிய நோய்' என்பதில் பாதி அரிது, மீதி பார்க்கத் தவறியது.

சரி, அதற்காக நோயாளிகள் கூடிப் பேசினாலே உண்மை வந்துவிடுமா? இல்லை. இதற்கும் ஒரு நிஜ உதாரணம் உண்டு.

ஏ.எல்.எஸ். என்று ஒரு நோய். தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். அந்த நோய் வந்த ஒருவரின் சகோதரர்கள் 2004ல் தொடங்கியது 'பேஷன்ட்ஸ்லைக்மீ' என்ற தளம். 2008ல் இத்தாலியில் ஒரு சின்ன ஆய்வு, லித்தியம் கொடுத்தால் இந்த நோய் வேகம் குறைகிறது என்றது. அதில் லித்தியம் எடுத்தவர்கள் வெறும் 16 பேர். காத்திருக்க நேரமில்லாத நோயாளிகள் தங்கள் மருத்துவர்களிடம் எழுதி வாங்கி, தாங்களே சாப்பிட ஆரம்பித்து, மாதாமாதம் உடல்நிலையைத் தளத்தில் பதிந்தார்கள். தளத்தின் ஆய்வாளர்கள் லித்தியம் எடுத்த 149 பேரை, அதே போக்கில் நோய் முற்றிவந்த, லித்தியம் எடுக்காத 447 பேரோடு ஒப்பிட்டார்கள். பன்னிரண்டு மாதத்தில் பயன் எதுவும் தெரியவில்லை. 2011ல் வெளிவந்த இந்த முடிவையே முறையான மருந்துச் சோதனைகளும் சொல்லின.

ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்பதை, அது வேலை செய்ய வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு ஆசைப்பட்டவர்களே எழுதிவைத்த கணக்கு காட்டியது. எனக்கு இந்தக் கதை லியோன் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது. 'எனக்குக் கேட்டது, நீங்களும் சாப்பிடுங்கள்' என்று எழுதுவது குழுவில் யாருக்கும் சுலபம். போன மாதத்தைவிட இந்த மாதம் மோசம் என்று தவறாமல் எழுதிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவர் குழுவில் சேர மாட்டார். ஆகவே ஸ்கேட் குழுக்கள் வழியாக வரும் கணக்கு எல்லாமே பிழைத்தவர்கள் கணக்கு. ஆங்கிலம் தெரியாதவர், கையில் ரிப்போர்ட் இல்லாதவர், மாரடைப்பு என்று கடைசிவரை யாரும் கண்டுபிடிக்காதவர், இவர்களும் அதில் இல்லை. பேஷன்ட்ஸ்லைக்மீ மாதிரித் தளங்கள் பெயரை நீக்கிவிட்டுத் தகவல்களை மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றுத்தான் நடந்தன. அதை வெளிப்படையாகச் சொல்லியே செய்தார்கள், இருந்தாலும் சேருகிறவர் தெரிந்து சேர வேண்டும். அப்புறம், எல்லாக் குழுவிலும் கஷாயம் விற்கிற ஒருவர் இருப்பார்.

அக்காவும் ஓர் ஆய்வுப் பதிவேட்டுக்குத் தன் விவரங்களை அனுப்பினாள். கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலம், நான்தான் படித்துச் சொன்னேன். கர்ப்பம் எத்தனை, கலைந்தது எத்தனை என்று ஒரு கேள்வி. "ரெண்டு கலைஞ்சிருக்கு" என்றாள். ஒன்றுதான் எனக்குத் தெரியும். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம், பிறகு அடுத்த கேள்விக்குப் போனோம்.

அதைவிடப் பெரிய பாடு ஆஞ்சியோ சிடி வாங்கியது. மருத்துவமனையில் ரெக்கார்ட் செக்‌ஷனுக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை, ரிப்போர்ட் தாள் போதுமே என்றார்கள். படம் இல்லாமல் தாளை மட்டும் வைத்து ஸ்கேட்டா இல்லையா என்று ஆய்வாளர்கள் முடிவு செய்ய மாட்டார்கள். மேயோவின் முன்னோட்ட ஆய்விலும் படத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். இரண்டாவது தடவை, பொறுப்பானவர் லீவு. மூன்றாவது தடவை கிடைத்த சிடியில் வேறு யாரோ ஒரு தாத்தாவின் இதயம் இருந்தது. திருப்பிக் கொடுத்து, மாற்றி வாங்கி, அன்றைக்கே இரண்டு காப்பி எடுத்தோம்.

இப்போது அக்கா இருக்கும் ஸ்கேட் குழுவில் நம் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்து பயந்துபோய் எழுதினால், எப்படி இருக்கீங்க, குழந்தை யாரிடம் இருக்கு என்றெல்லாம் கேட்டுவிட்டு, அக்கா அடுத்து கேட்பது, "ஆஞ்சியோ சிடி கையில வாங்கிட்டீங்களா? போட்டுப் பாத்தீங்களா, உங்களோடதுதானா?"