குடோன் வாடகைக்குப் பதிலாக 40 அடி கன்டெய்னர் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். 400 சதுர அடி குடோனுக்கு மாதம் 9,000 ரூபாய் வாடகை. சொந்தமாகக் காலி இடம் இருக்கிறது. தூத்துக்குடியில் ஒருவர் பழைய 40 அடி கன்டெய்னரை 2,10,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். தெரிந்தவரிடம் 2 வட்டிக்கு வாங்கி எடுத்துவிடலாமா? பின்னால் ஏற்றுமதி சரக்கையும் அதிலேயே அனுப்பலாம் என்று எண்ணம்.

பதில்: வாங்குங்கள், ஆனால் 2 வட்டிக்கு வேண்டாம்.

அவர் சொல்வது பெட்டியின் விலை மட்டும். காலிப் பெட்டியே ஏறக்குறைய மூன்றே முக்கால் டன் இருக்கும், அதனால் டிரெய்லர் வாடகை, ஏற்ற ஒரு கிரேன், இறக்க ஒரு கிரேன், நான்கு மூலைக்கும் கான்கிரீட் மேடை, மேலே தகரக் கூரை என்று இன்னொரு 80,000 வைத்துக்கொள்ளுங்கள். ஆக 2,90,000. கைப்பணமாக இருந்தால் மிச்சமாகும் வாடகையில் 32 மாதத்தில் திரும்பிவிடும். 2 வட்டி என்றால் முதல் மாத வட்டியே 5,800, வாடகைப் பணம் முழுவதையும் கட்டினாலும் கடன் தீர நாலு வருடத்துக்கு மேல் ஆகும். அதே தொகை வங்கியில் வருடத்துக்கு 10 சதவீத நகைக்கடனாகக் கிடைத்தால், இதே கணக்கில் 38 மாதம். வீட்டில் நகை இருந்தால் தயங்காமல் அந்த வழிக்கே போங்கள்.

இடத்தையும் பாருங்கள். 40 அடிப் பெட்டிக்கு உள்ளே தரை 300 சதுர அடிதான், உங்கள் குடோனைவிடச் சிறியது. உயரம் ஏழேமுக்கால் அடிக்குச் சற்று மேல் என்பதால் ரேக் போட்டு அடுக்கினால்தான் சமாளிக்கலாம்.

துணி வைப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது ஈரம். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது கூரைத் தகடு உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக அட்டைப்பெட்டி மேல் விழும், அப்புறம் வெள்ளை பீஸில் பூஞ்சைப் புள்ளி வந்தால் ஒரே லாட்டில் ஒரு வருட வாடகை போய்விடும். தகரக் கூரையும் காற்றுப்போக்கியும் அடியில் மரப் பலகையும் இல்லாமல் துணியை வைக்கவே வைக்காதீர்கள். வாங்கும் முன் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள் (வெளியே ஆள் நிற்கட்டும்), எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அங்கே மழையும் வரும்.

ஏற்றுமதி யோசனையை விட்டுவிடுங்கள். கப்பல் கம்பெனியே கன்டெய்னர் தரும். சொந்தப் பெட்டி என்றால் கதவில் உள்ள சிஎஸ்சி தகடு (பெட்டி கப்பலில் ஏற்றப் பாதுகாப்பானது என்பதற்கான தகடு) செல்லுபடியில் இருக்க வேண்டும், அதற்குக் குறித்த காலத்தில் சோதனை செய்ய வேண்டும், அந்தப் பக்கம் போன காலிப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவருவதும் உங்கள் தலையில்தான்.

காகிதத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் கன்டெய்னர்கள் திரும்ப வெளியே போய்விடும் என்ற நிபந்தனையில்தான் சுங்க வரி கட்டாமல் உள்ளே வருகின்றன. இங்கேயே விற்க வேண்டுமானால் வரி கட்டியிருக்க வேண்டும். அதற்கான பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரம்) நகலைக் கேளுங்கள், கதவில் இருக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்க எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று நீங்களே நின்று பாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகைக்குத் தேய்மானக் கழிவு கிடைக்காது. பில் தர முடியாது, விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.