பூக்காத ஜேட் செடி

கேள்வி: எங்கள் வரவேற்பறையில் பல ஆண்டுகளாக ஜேட் செடி வளர்க்கிறேன். தண்டு பருத்து, இலைகள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. ஒரு நாள்கூடத் தண்ணீர் விடத் தவறியதில்லை, உரமும் வைக்கிறேன். மொட்டு மட்டும் வரவே இல்லையே, ஏன்?

பதில்: முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். இதுவரை வேர் அழுகாமல் இருப்பதே பெரிது! தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப், குவாசுலு-நட்டால் பகுதிகளிலும் மொசாம்பிக்கிலும் வறண்ட பாறைச் சரிவுகளில் தானாக வளரும் புதர் இது. கிராசுலா ஓவாட்டா என்பது தாவரவியல் பெயர். அங்கே குளிர்காலத்தில்தான், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, ஐந்து இதழ் கொண்ட வெள்ளை, இளஞ்சிவப்பு நட்சத்திரப் பூக்கள் கொத்துக்கொத்தாக மலரும். நீண்ட இரவு, குளிர்ந்த காற்று, காய்ந்த மண் மூன்றும் கூடிவந்தால்தான் மொட்டு வைக்கும். நீங்கள் வைத்திருக்கும் இடத்தில் மூன்றுமே இல்லை. இரவு வெகுநேரம் எரியும் விளக்கே மொட்டைத் தடுத்துவிடும்.

ஆகவே வெயில் நன்றாகப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரேயடியாக வேண்டாம், இலை வெந்துவிடும். வெயில் பழகியதும் இலை விளிம்பு சிவக்கும். அது நோயன்று, எனக்கு மிகவும் பிடித்த அழகு. பகல் குறையத் தொடங்கும் பருவத்தில் உரத்தை நிறுத்திவிடுங்கள். இலையை விரலால் அழுத்திப் பாருங்கள்: கல்போல் இருந்தால் தண்ணீர் வேண்டாம்; லேசாகச் சுருங்கித் துவண்டால் மட்டும் ஊற்றுங்கள். அந்தி சாய்ந்தபின் விளக்கு வெளிச்சம் படவே கூடாது. இரவுக் குளிர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. உறைபனி பட்டால் செடி கருகிவிடும். குளிரே எட்டிப்பார்க்காத ஊரென்றால் பூவை உறுதியாகச் சொல்ல முடியாது.

கேள்வி: ஜேட் இலையை யானை தின்னும் என்கிறார்களே, நாமும் சாப்பிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். யானை விரும்பித் தின்பது ஸ்பெக்பூம் என்ற வேறு புதரை. தென்னாப்பிரிக்காவின் அட்டோ யானைகள் தேசியப் பூங்காவில் அது ஏராளம். இலை சிறியது, தண்டு செம்பழுப்பு. ஜேட், ஸ்பெக்பூம் இரண்டுமே இரவில் இலைத்துளைகளைத் திறந்து, கரியமில வாயுவை அமிலமாகச் சேமிக்கக் கூடியவை. அதனால்தான் ஸ்பெக்பூம் இலை காலையில் கூடுதலாகப் புளிக்கும். ஜேட் இலையோ பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. தின்றால் வாந்தி எடுக்கும். வீட்டில் இவை இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்.